மணலில் எழுதிப் படித்த பாதிரியார்

'நான் போற்றும் இறைத்தொண்டர்' என்ற தலைப்பில் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால், தரங்கம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது; அதற்குள்ளேயே அவர் கல்லறையும் இருக்கிறது. சார்ட் அட்டையின் நடுவில் பார்த்தலோமேயு சீகன்பால்கு படத்தை ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவால் 'தமிழை முதன்முதலில் அச்சேற்றியவர்' என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த வரிதான் தப்பு.

சீகன்பால்கு பிறந்தது 1682இல். அதற்கு 104 ஆண்டுகள் முன்பே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. பதினாறே பக்கம். செய்தவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துகீசியத் துறவி அண்ட்ரிக் அடிகளார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துகீசிய அகராதி ஒன்றும் அச்சாகியிருக்கிறது. பிறகு அந்த வேலை நின்றுபோனது. தரங்கம்பாடியில் 1713இல் அது மறுபடி உயிர்பெற்றது. ஆக, 'முதல்வர்' பட்டத்தைச் சார்ட்டிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் எழுதுவதற்கு நிறையவே மிஞ்சுகிறது.

தரங்கம்பாடி 1620இலிருந்தே டேனிஷ் கும்பெனியின் ஊர். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் கொடுத்த உடன்படிக்கையில் எழும்பியது கடலோரத்து டேன்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்த இரண்டு ஜெர்மானியர்கள், சீகன்பால்குவும் ஹென்ரிச் புளூட்சோவும், 1706 ஜூலை 9 அன்று அங்கே கரையிறங்கினார்கள். அரசர் அனுப்பிய ஆட்கள் என்றாலும் கோட்டையில் வரவேற்பு இல்லை. மதம் பேசப்போய் வியாபாரம் கெட்டால் என்ன செய்வது என்பது கும்பெனிக்காரர்களின் கவலை.

அப்போது கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரர்களோடு பேச போர்த்துகீசியம் போதும். புளூட்சோ அந்தப் பக்கம் போனார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார். வயது இருபத்து நான்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையில் அகராதி இல்லை, இலக்கணப் புத்தகம் இல்லை. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்து, மாணவர்களோடு தம் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். பரப்பிய மணலில் பொடிசுகள் விரலால் எழுத்தை இழுத்து, சத்தமாகச் சொல்லி, அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். அந்த வரிசையிலேயே இவரும் உட்கார்ந்து மணலில் விரலை வைத்தார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் அழகப்பன். கும்பெனியில் துபாஷி வேலை பார்த்து, ஐரோப்பிய மொழிகள் சிலவற்றைப் பேசப் பழகியிருந்தவர். சீகன்பால்கு தமிழில் ஏறிய படிகளில் பாதி இவர் போட்டுக் கொடுத்தவை. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது கோட்டையின் கோபம். ஒரு கட்டத்தில் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று.

சீகன்பால்கு தாம் படித்த முறையைக் கடிதங்களில் எழுதிவைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு முந்தைய நாள் சொற்களை ஒப்பித்தல். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத சுவடிகளைப் படித்தல். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர் பொருள் சொல்வார். எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். கண் களைத்த நேரத்தில் வேறொருவர் படிக்க, இவர் கேட்பார்.

ஓலைச் சுவடிகளைத் தேடி ஆள் அனுப்பினார். விலைக்குக் கிடைத்ததை வாங்கினார், கிடைக்காததைப் பிரதி எடுக்கச் சொன்னார். வந்து இரண்டே ஆண்டில், 1708இல், தம்மிடம் சேர்ந்தவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். கிறித்தவ, இஸ்லாமிய நூல்கள் நீங்கலாக அதில் 119 தமிழ் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்பு. திருக்குறளும் அதில் உண்டு. அதே ஆண்டு கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். முதல் இரண்டும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் பாடம். மணலில் உட்கார்ந்தவர் அந்தப் பாடத்தையும் விடவில்லை. இந்த மக்களை நாகரிகம் அறியாதவர்கள் என்று ஐரோப்பாவில் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன், இவர்கள் நூல்களைப் படித்ததும் அந்த எண்ணம் போயிற்று என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார்.

1708இன் கடைசியில் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவரைச் சிறையில் தள்ளினார். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விதவைக்கும் கும்பெனி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே கடன் வழக்கு. பாதிரியார் அந்தப் பெண்ணின் பக்கம் பேசினார். பகை முற்றியது. ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்தில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் முடித்தார்.

எழுத்தாணி பிடித்து ஓலையில் ஒவ்வொரு பிரதியாக எழுதினால் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரும்? அச்சு தேவைப்பட்டது. லண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஒரு இயந்திரத்தை அனுப்பியது. அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் கரை காணாமலே இறந்துபோனார். எல்லாம் கடந்து இயந்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன.

அவற்றில் ஒரு சங்கடம். எழுத்து பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் பக்கம் மளமளவென்று ஏறும். இருக்கிற காகிதம் பாதியில் தீரும். ஹாலேயிலிருந்து வந்த அச்சுக்காரர் ஆட்லர் இங்கேயே சிறிய எழுத்து வார்க்க இறங்கினார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கி வார்த்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. பக்கத்துப் பொறையாரில் எழுத்து வார்ப்புக்கும் காகிதம் செய்யவும் பட்டறை அமைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது.

ப்ராஜெக்ட் எழுதுகிற பிள்ளை இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: இவர் படித்தவற்றுக்கும் அச்சிட்டவற்றுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அச்சகத்தின் முதல் தமிழ் வெளியீடு, ஊர் மக்களின் வழிபாட்டை 'அக்கியானம்' என்று சாடும் துண்டுநூல். 119 சுவடிகளைத் தேடித்தேடிப் படித்த அதே ஆள்தான் அதையும் எழுதினார். மதம் மாற்ற வந்தவர் அவர், அதை மறைத்ததும் இல்லை. ஆனாலும் எதிராளி என்ன நம்புகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. வழிபாடு, சடங்கு, வைத்தியம், திருமணம் என்று கேள்விகள் அனுப்பி, தமிழர்களிடமிருந்து பதில் கடிதங்கள் வாங்கினார். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. பலவற்றை எழுதிய கை அழகப்பனுடையது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலும் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய ஆசான் பிராங்கேவுக்கு அதை அச்சிட மனம் வரவில்லை. தெய்வங்களை ஒழிக்கப் போனவர் அவர்களுக்கு வரலாறு எழுதி அனுப்பினால் எப்படி என்பது அங்கே இருந்தவர்களின் எண்ணம். லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் மட்டும் 1716இல் அங்கே அச்சேறியது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறந்தார்.

தெய்வங்களைப் பற்றிய அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. அவர் ஓலையில் படித்துப் பட்டியலில் சேர்த்த திருக்குறளுக்கும் தரங்கம்பாடி அச்சகத்தில் இடம் கிடைக்கவில்லை. அதன் மூலபாடத்தை 1812இல் அச்சிட்டவர் தஞ்சை மலையப்ப பிள்ளையின் மகன் ஞானப்பிரகாசன். சீகன்பால்கு பட்டியல் போட்டு அப்போது 104 ஆண்டுகள் ஆகியிருந்தன.