ரோதானின் இழுப்பறைகள்

பாரிஸில் ரோதான் அருங்காட்சியகத் தோட்டத்தில் 'மூன்று நிழல்கள்'னு ஒரு வெண்கலச் சிலைத் தொகுதி இருக்கிறது. மூன்று ஆண்கள், தலை தொங்கி, கழுத்து ஒடிந்த மாதிரி சாய்ந்து நிற்கிறார்கள். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடைத்தது, அதில் போய்ப் பார்த்தேன். ஒரு சுற்று சுற்றி வந்தப்போ ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது சுற்றில்தான் பிடிபட்டது: மூன்று பேரும் ஒரே ஆள். அண்ணன் தம்பி ஜாடை என்று சொல்லவில்லை. அதே தோள், அதே முழங்கால், அதே கழுத்து நரம்பு. ஒரே சிலையை மூன்று தடவை வார்த்து, மூன்று கோணத்தில் திருப்பி நிறுத்தியிருக்கிறார்.

என் முதல் எண்ணம், "ஏமாத்திட்டாரே" என்பதுதான். நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் ஊர்ப் பாஷையில் இதற்குப் பெயர் காப்பி பேஸ்ட். ஜூனியர் பையன் செய்தால் திட்டுவோம்.

அந்த எண்ணம் மாறுவதற்கு எனக்குச் சில வருஷ வாசிப்பு தேவைப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். (பெயர் பற்றி ஒரு வார்த்தை: நம்மில் பலர் 'ரோடின்' என்று எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது 'ரோதான்' என்பதற்குப் பக்கத்தில் வரும்.)

ஒகுஸ்த் ரோதான் 1840இல் பாரிஸில் பிறந்தவர். அரசு நுண்கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். அதனால் வயிற்றுப்பாட்டுக்கு மற்றவர்களின் பட்டறையில் அலங்கார வேலை. கட்டட முகப்புகளுக்கு இலை, பூ, முகம் என்று செய்து கொடுக்கிற கூலி வேலை. 35 வயதுக்கு மேல்தான் தன் பெயரில் முழு அளவு மனித உருவம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதுதான் 'வெண்கல யுகம்'. நெய்ட் என்ற பெல்ஜிய ராணுவ வீரனை நிற்க வைத்து 18 மாதம் உழைத்த சிலை. 1877இல் முதலில் பிரஸ்ஸல்ஸிலும் பிறகு பாரிஸிலும் வைத்தார். உடனே வந்தது குற்றச்சாட்டு: இது கையால் செய்த சிலையே இல்லை, உயிருள்ள ஆளின் உடம்பின் மேல் நேரடியாகப் பிளாஸ்டரைப் பூசி அச்சு எடுத்திருக்கிறான்.

ஒரு சிற்பிக்கு இதைவிடக் கேவலம் இல்லை. ரோதான் அந்த வீரனைப் போட்டோ எடுக்க வைத்து, சிலைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் எங்கே என்று காட்டப் பார்த்தார். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. அடுத்து செய்த புனித யோவான் சிலையை வேண்டுமென்றே ஆளைவிடப் பெரிதாகச் செய்தார். அவ்வளவு பெரிய ஆள் இருந்தால்தானே அச்சு எடுக்க முடியும்!

1880இல் ஒருவழியாக அரசாங்கம் 'வெண்கல யுக'த்தை வாங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய வேலையும் கொடுத்தது. பாரிஸில் வரவிருந்த அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு வாசல் கதவு. தாந்தேயின் நரகத்திலிருந்து காட்சிகளை எடுத்துப் புடைப்புச் சிற்பமாகச் செய்ய வேண்டும். இதுதான் 'நரகத்தின் வாசல்'. ஆறு மீட்டருக்கு மேல் உயரம், நாலு மீட்டர் அகலம், ஏறக்குறைய 200 உருவங்கள்.

அருங்காட்சியகம் அந்த இடத்தில் கட்டப்படவே இல்லை. கதவுக்குச் சுவர் இல்லை. ஆனால் ரோதான் நிறுத்தவில்லை, 1917இல் சாகும்வரை 37 வருஷம் அந்தக் கதவு பட்டறையில் பிளாஸ்டராகவே நின்றது. 1900இல் தன் பெரிய கண்காட்சியில் அதை வைத்தபோதுகூட உருவங்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, வெறும் மேடுபள்ளமாகத்தான் வைத்தார். வெண்கலத்தில் அது வார்க்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

டெலிவரி தேதி தாண்டி, கட்டடமே ரத்தாகி, ஆனாலும் மூடாத புராஜெக்ட். எங்கள் தொழிலில் இதைத் தோல்வி என்று எழுதி மூடிவிடுவார்கள். இங்கே நடந்தது வேறு. 'சிந்தனையாளன்' தெரியுமில்லையா, தாடையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பவன்? அவன் இந்தக் கதவின் உச்சியில் சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தவன். முதலில் அவன் பெயர் 'கவிஞன்', அதாவது தாந்தே. பிறகு தனியாக இறங்கி வந்து, 1904இல் பெரிதாக்கப்பட்டான். 'முத்தம்'? அதுவும் கதவுக்காகச் செய்த காதலர்கள். நரகத்துக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வெளியே எடுத்துவிட்டார். 'மூன்று நிழல்கள்' கதவின் உச்சந்தலையில் நிற்பவர்கள். அந்த நிழலும் ஆதாம் சிலையிலிருந்து பிறந்தது. விழுகிற ஆண் ஒருவன், குந்தியிருக்கிற பெண் ஒருத்தி, இருவரும் கதவில் வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள். அவளைத் தூக்கி அவன் நெஞ்சோடு சேர்த்தார், 'நான் அழகி' என்ற புதிய சிலை வந்தது. இன்னொரு இணையிலிருந்த ஆணைப் பிரித்து நிமிர்த்தி நிறுத்தினார், 'ஊதாரி மகன்' ஆனான்.

இது எப்படி முடிந்தது என்பதற்குப் பட்டறை முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோதான் முதலில் கை வைப்பது களிமண்ணில். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும், அதனால் ஈரம் போவதற்குள் அதற்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்துவிடுவார்கள். அச்சு கிடைத்துவிட்டால் ஒரு கையைப் பத்து கையாகப் போட்டுக்கொள்ளலாம். உதவியாளர்கள் அப்படிப் போட்டு வைப்பார்கள். சிறிய கை, பாதம், முழங்கால், தலை எல்லாம் இழுப்பறை இழுப்பறையாகச் சேர்ந்தது. அவர் அவற்றுக்கு வைத்த பெயர் 'அபாத்தி'. கோழி அறுத்தால் மிஞ்சுகிற கழுத்து, கால், ஈரல், அந்த வகைக்குப் பிரெஞ்சுக் கறிக்கடைச் சொல். பாரிஸுக்கு வெளியே மெதோனில் அவர் வாழ்ந்த வீட்டில் அவை ஆயிரக்கணக்கில் இருந்தன. உதவியாளராக வந்த கவிஞர் ரில்கே அந்த உடைந்த உறுப்புக் காட்டைப் பார்த்து அசந்துபோனவர்.

இந்த இடத்தில்தான் என் காப்பி பேஸ்ட் எண்ணம் உடைந்தது. காப்பி பேஸ்ட் செய்கிறவன் யோசிக்காமல் இருப்பதற்காகச் செய்கிறான். ரோதான் ஒரே உடம்பை வேறு பக்கத்தில் வைத்தால் வேறு என்ன சொல்லும் என்று பார்ப்பதற்காகச் செய்தார். 'கதீட்ரல்' என்ற சிலையைப் பாருங்கள்: இரண்டு கைகள் விரல் நுனியில் ஒன்றையொன்று தொடப்போகின்றன. கும்பிடும் கை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். இரண்டுமே வலது கை. ஆகவே இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள்.

அவருடைய மொத்த வேலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 'என் பாணி இது' என்று முன்கூட்டி ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்த ஒற்றுமை இல்லை. எதையும் தூக்கிப் போடாததால் வந்த ஒற்றுமை.

இதில் நமக்கு ஒரு இடறல் இருக்கிறது. கோயில் சிலையில் மூக்கோ விரலோ உடைந்தால் 'பின்னமாயிடுச்சு' என்று பூஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு ரோதானின் 'நடக்கும் மனிதன்' கஷ்டம். யோவான் சிலைக்காகச் செய்த உடலையும் கால்களையும் பொருத்திய உருவம், தலையும் கையும் கிடையாது. தோளில் விரிசல்கூட அப்படியே இருக்கிறது. அன்றைய பாரிஸ்காரர்களும் தலை எங்கே என்றுதான் கேட்டார்கள். நடப்பதற்குத் தலை எதற்கு என்பதுதான் அந்தச் சிலை சொல்கிற பதில்.

ரோதானுக்கு நம் ஊரோடு நிஜமான ஒரு தொடர்பும் உண்டு. விக்டர் கோலூபேவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் மூலம், சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராஜர் செப்புத்திருமேனிகளின் போட்டோக்கள் அவர் கைக்கு வந்தன. திருவாலங்காட்டு நடராஜரும் அதில் உண்டு. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. போட்டோவை மட்டும் வைத்து 1913இல் 'சிவ நடனம்' என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1921இல், 'ஆர்ஸ் ஆசியாட்டிகா' வரிசையின் மூன்றாம் தொகுதியில் அச்சானது. அதே தொகுதியில் ஆனந்த குமாரசாமியும் ஹாவெலும் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் இருவரும் நடராஜர் எதைக் குறிக்கிறார் என்று விளக்குவார்கள். ரோதானுக்கு அதில் அக்கறையே இல்லை. முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை என்று சுற்றிவந்து, வாய், கண், கால், கை என்று உறுப்பு உறுப்பாக எழுதிக்கொண்டே போகிறார். இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறவரின் எழுத்து. போட்டோவில் அவர் பார்த்த திருவாலங்காட்டு நடராஜருக்கு இன்று திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. அதாவது நம் கணக்கில் குறையுள்ள திருமேனி.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைத்துப் பேசினால் தப்பாகிவிடும். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகும் போயிற்று, மண்ணை உடைத்தால் அச்சும் போயிற்று. ஒரு அச்சுக்கு ஒரு திருமேனிதான். அங்கே ஒற்றுமை வருவது தாளக் கணக்கிலிருந்து. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதை வைத்து மொத்த உடம்பு. அளவுக்குத் தென்னையோலைத் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள். நம் மரபு அளவைப் பத்திரப்படுத்தியது, உறுப்பை அல்ல. ரோதான் உறுப்பைப் பத்திரப்படுத்தினார், அளவு அவருக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. 'சிந்தனையாளனை' இயந்திரம் வைத்துப் பெரிதாக்கியவர் லெபோஸே என்ற நிபுணர். எனக்கு இரண்டு வழியும் பிடித்திருக்கிறது.

இனி சொல்லப்போவது அவ்வளவு பிடிக்காத பகுதி. அந்த இழுப்பறைகளில் இருந்த எல்லாக் கையும் ரோதானின் கையால் வந்ததா? பளிங்குச் சிலைகளைச் செதுக்கியவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்த சிற்பிகள். பின்னால் பெரும்பெயர் எடுத்த பூர்தெல் அவர்களில் ஒருவர். 1884 வாக்கில் கமீய் க்ளோதெல் பட்டறைக்கு வந்தபோது வயது 20. மாணவி, உதவியாளர், மாடல், காதலி எல்லாம் அவரே. பெரிய சிலைகளுக்குக் கைகளும் பாதங்களும் செய்கிற பொறுப்பு அவரிடம் இருந்தது. தன் பெயரில் 'வால்ட்ஸ்', 'முதிர்பருவம்' போன்ற அருமையான சிலைகளைச் செய்தவர். 'முதிர்பருவ'த்துக்கு அரசாங்கம் கொடுத்த ஆர்டர் பிறகு ரத்தானது. 1913இல் குடும்பத்தார் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 30 வருஷம் அங்கேயே இருந்து 1943இல் இறந்தார். ரோதான் நடராஜரின் கைகளைப் பற்றி எழுதியதும் அதே 1913தான்.

வெண்கல யுகத்தை 'உன் கையால் செய்ததில்லை' என்று சொன்னபோது ரோதான் துடித்தார். ஆனால் அடுத்தவர் கை தன் சிலையில் இருப்பது அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. பட்டறை வழக்கம் அப்படித்தான், அன்றைய எல்லாச் சிற்பிகளும் அப்படித்தான் என்பார்கள். சரிதான். நானும் மற்றவர்கள் எழுதிய கோடின் மேல் என் பெயரைப் போட்டிருக்கிறேன், அதனால் ரொம்ப சத்தமாகக் கேட்க முடியவில்லை. இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் இப்போது போய் நின்றால் நான் முதலில் பார்ப்பது கைகளைத்தான், யாருடையது என்று.

கதவு என்ன ஆயிற்று? ரோதான் தன் வேலை முழுவதையும் 1916இல் அரசுக்கு எழுதி வைத்தார். பிளாஸ்டரைச் சேர்த்து முழுமையாக்கி, 1920களில் முதல் வெண்கல வார்ப்புகள் வந்தன. அதில் ஒன்று ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கு முதலில் குறித்திருந்த இடம் சேன் நதிக்கரையில், 1871இல் எரிந்துபோன ஓர் அரசுக் கட்டடத்தின் மனை. அங்கே 1900இல் ரயில் நிலையம் வந்தது. 1986இல் அந்த ரயில் நிலையம் ஓர்சே அருங்காட்சியகம் ஆனது. பிளாஸ்டர் கதவு இப்போது நிற்பது அதற்குள்ளேதான்.

ஒரு மனையில் வைக்கச் சொன்ன கதவு, நூறு வருஷத்துக்கு மேல் சுற்றி, அதே மனைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. திறக்காது. பின்னால் அறை எதுவும் இல்லை.