சம்பளச் சிட்டையில் ஒரு வரி

வருமான வரிக் காலத்தில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நான் யூனியனில் சேரவே இல்லை, ஏன் என்ரை சம்பளத்தில் சந்தா வெட்டுகிறார்கள்?"

விடை ஒன்ராறியோவின் வின்ட்சர் நகரில் இருக்கிறது. 1945 செப்டெம்பர் 12ஆம் திகதி அங்குள்ள ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் சுமார் 11,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதே முக்கிய கோரிக்கை. நவம்பரில், பொலிசார் நெருங்காதபடி வாகனங்களைத் தெருவில் நிறுத்தி வழியை மறித்தார்கள். 99 நாட்களின் பின், பிணக்கு உச்ச நீதிமன்ற நீதியரசர் ஐவன் ராண்டின் மத்தியஸ்தத்துக்குப் போனது.

1946 ஜனவரியில் அவர் தீர்ப்புச் சொன்னார். சங்கத்தில் சேரும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சங்கம் பேசிப் பெறும் நன்மை எல்லோருக்கும் கிடைப்பதால், எல்லோரும் சந்தா செலுத்த வேண்டும்; அதைக் கம்பனியே சம்பளத்தில் கழித்துக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, சட்டவிரோத வேலைநிறுத்தத்தைச் சங்கம் கண்டிக்காவிட்டால் அந்தச் சந்தா நிறுத்தப்படும். கணக்காளன் கண்ணுக்கு இது நல்ல பேரம்: சங்கத்துக்கு நிலையான வருமானம், முதலாளிக்குத் தடையில்லா உற்பத்தி.

சங்கம் கேட்டால் சந்தாக் கழிப்பு கட்டாயம் என்று ஒன்ராறியோ சட்டம் இயற்றியது 1980இல். அதே ஆண்டு ஜூலையில் இலங்கையில் நடந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுச் சிங்களவரும் தமிழரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே.ஆர். ஜெயவர்தன அரசு அவசரகால விதிகளின் கீழ் அத்தியாவசிய சேவைகளைப் பிரகடனம் செய்து, வேலைக்கு வராதவர்கள் பதவியைக் கைவிட்டதாகக் கணித்தது. சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது. அங்கும் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935 முதலே இருந்தது. ஆனால் அவசரகால விதி அதற்கு மேலேறி நின்றது.

அதனால்தான் ஊரில் அடிபட்டு வந்த பலருக்குச் சங்கம் என்றாலே இன்னும் பயம். இங்கே சட்டம் வேறு. நீங்கள் கட்டும் சந்தாவை வரிப் படிவத்தின் 21200ஆம் வரியில் வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதைவிடப் பெரிது வாக்குரிமை: வேலைநிறுத்தமா, ஒப்பந்தமா என்ற இரகசிய வாக்கெடுப்பில், சங்கத்தில் சேராதவருக்கும் ஒன்ராறியோவில் பொதுவாக வாக்கு உண்டு. காசைக் கட்டிவிட்டு வாக்கை விட்டுவிடாதீர்கள். அடுத்த வாக்கெடுப்பு அறிவித்தல் வந்தால், ஒருக்கால் போய் வாருங்கள்.