தொழிலாளர் குடியின் கொடிவழி: வெம்பக்கோட்டைப் பகுதிச் சான்றுகள் பற்றிய ஓர் ஆய்வு

சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றின் கரையில் அமைந்த வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அகழாய்வு நிகழ்த்தியுள்ளனர். சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் அங்கே மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றைச் செய்த கைவினைஞர் யாவர், அவர்தம் வழியினர் எங்குச் சென்றனர் என்பன நாம் அறிய இயலாதவை. அவர் காலம் அத்துணைத் தொலைவினது. ஆயின் அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்று தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் செய்து வாழும் குடும்பத்தாரை வினவினும், நினைவு பெரும்பாலும் பாட்டன் பெயரோடு நின்றுவிடுகிறது. நூறாண்டே கடந்த ஒரு பெயரும் ஈராயிரம் ஆண்டு கடந்த பெயரைப் போலவே மறைந்துபோகுமாயின், அதற்குக் காலத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கிச் சோழர், பாண்டியர் கொடிவழிகளை நிறுவியவர்கள் நம் அறிஞர்கள். அம்முறையையே ஒரு கூலித் தொழிலாளியின் குடிக்கு மேற்கொள்ள இயலுமா, இயலுமாயின் எச்சான்றுகளைக் கொண்டு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டு ஆலைக்குடிகள்

இவ்வகை ஆய்வு மிக வளர்ந்துள்ள நாடு இங்கிலாந்து. லங்காசயர்ப் பகுதியின் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் செல்வமோ நிலமோ உடையன அல்ல. ஆயினும் அவற்றுட் பலவற்றின் கொடிவழியை ஏழெட்டுத் தலைமுறை வரை காண முடிகிறது. 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் பதியப்பெறுதல் வேண்டும் என்னும் ஆணை நிலவியது. 1837 சூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது. 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஒவ்வொருவர் பெயரும் தொழிலும் எழுதப்பெற்றன. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் இன்ன உறவினர், இன்ன ஊரிற் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தாள்கள் நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெறுகின்றன. 1921ஆம் ஆண்டுக்குரியவை 2022இல் வெளிவந்தன. இவற்றை வரிசையாகப் படிப்பவர்க்கு, ஒரு சிற்றூர்க் கைத்தறியாளர் மகன் ஆலை நகருக்குக் குடிபெயர்ந்ததும், அவன் மக்கள் பத்து வயதில் இழை இணைக்கும் பணியிற் புகுந்ததும் தெளிவாகும்.

ஆண்டும் ஆங்கிலேயர் தொழிலாளியைப் போற்றும் நோக்கத்தோடு அவன் பெயரை எழுதினார் அல்லர். அவர்கள் எண்ண விரும்பியவை ஆட்களை. ஆதலின் ஆட்களின் பெயர் நின்றது. எப்பொருளை எண்ணுதற்காக ஓர் ஆவணம் எழுந்ததோ, அப்பொருளே அதில் முழுமையாகப் புலப்படும். இவ்வுண்மையை உளங்கொண்டு நம் பகுதிக்கு வருவோம்.

நிலத்தை எழுதிய ஆவணங்கள்

நம் நாட்டிலும் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறையாகக் குடிமதிப்பு நிகழ்ந்து வந்தது. ஆனால் தொகுப்பெண்கள் நூலாயினவே அன்றி, வீடுதோறும் எழுதிய தாள்கள் ஆய்வாளர்க்குக் கிட்டும் வகையிற் காக்கப்பெறவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டமும் தனியாள் விவரங்களைப் பிறர் பார்வையிடுதலை விலக்குகிறது. எனவே இங்கிலாந்தில் முதற்சான்றாக விளங்குவது நமக்கு இல்லாததாயிற்று.

நமக்கு எஞ்சியவை நில ஆவணங்கள். நிலவரித் திட்டப் பதிவேடு, பட்டா, சிட்டா, அடங்கல், பத்திரப் பதிவு அலுவலகத்து ஏடுகள் ஆகியன நிலத்தை எண்ணுதற்கு எழுந்தவை. ஒரு காணியேனும் உடையவன் பெயர், தந்தை பெயரோடு அவற்றில் இடம்பெறும். பாகப்பிரிவினைப் பத்திரம் இருப்பின் மூன்று தலைமுறைகளை ஒரே தாளிற் காணலாம். நிலமற்றவனோ அவற்றில் இல்லை. சமீன் ஊர்களில் குடியானவர் கணக்கைச் சமீன் அலுவலகமே வைத்திருந்தமையால், 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே அவ்வூரார் பெயர்கள் அரசின் நிலவரிப் பதிவேட்டுள் முறையாகப் புகுந்தன.

ஆவணங்கள் எங்குள்ளன என்பதும் ஓர் இடர்ப்பாடே. சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தவை; அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டத்துள் அடங்கின; 1985இல் காமராசர் மாவட்டமாகப் பிரிந்து, பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றன. வெம்பக்கோட்டை இன்று தனி வட்டமாகும். ஊர் இருந்த இடத்திலேயே இருப்ப, அதன் ஏடுகள் மாவட்டந்தோறும் மாறின. ஆதலின் ஆய்வாளர் திருநெல்வேலி, மதுரை, விருதுநகர், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் ஆகிய நான்கிடத்தும் தேடுதல் வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவு 1899ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ்ச் சிற்றூர்களில் கிராம முன்சீபு கையில் இருந்தது. பிறந்த குழந்தைக்குப் பெயரிடுமுன் பதிவு நிகழ்ந்துவிடுதலால், ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற குறிப்பும் பெற்றோர் பெயருமே அதிற் பலகாலும் காணப்பெறும். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பெற்றபோது, பழங்கணக்குகள் கைம்மாறின. எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன எனல் அரிது. கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் பிறிதொரு சான்று உண்டு. 1854இல் இராக்லண்டு என்பார் வட திருநெல்வேலிப் பகுதியிற் சமயப்பணி தொடங்கினார். அவர் சிவகாசியில் 1858இல் காலமானார். அப்பணியின் வழி எழுந்த திருச்சபைகளின் திருமுழுக்கு ஏடுகள் பெற்றோர் பெயரையும் ஊரையும் தருவன.

தொழிலை எழுதிய ஆவணங்கள்

பி. அய்யநாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, சிவகாசியில் அத்தொழிலை நிலைநாட்டியமை யாவரும் அறிந்தது. மழையை நோக்கிய கரிசற் காட்டில் ஆண்டின் பல திங்கள் வேலையற்றிருந்த குடும்பங்கள் இத்தொழிலை நாடின. அத்தொழிலாளர் பெயர் எங்கே எழுதப்பெற்றது?

1934இல் தீப்பெட்டிமீது ஆயத்தீர்வை விதிக்கப்பெற்றது. பெட்டிக்கு எத்தனை குச்சி, எத்தனை குரோசு பெட்டி என்பன கணக்கிடப்பெற்று, வரிச்சீட்டு ஒட்டப்பெற்றது. அவ்வேடுகளில் உரிமையாளர் பெயர் உண்டு. கட்டையடுக்கியவர் பெயர் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் மின்விசை உள்ள இடத்திற் பதின்மரும், அஃது இல்லாத இடத்தில் இருபதின்மரும் பணிசெய்தாலன்றி அச்சட்டம் பொதுவாகச் செல்லவில்லை. கையாலேயே பெரிதும் நடைபெற்ற இத்தொழிலின் சிறு கூடங்கள் பல அவ்வெல்லைக்கு வெளியே நின்றன. வீட்டில் இருந்தவாறே பெட்டி ஒட்டிய பெண்டிர் எப்பதிவேட்டிலும் ஏறவில்லை. முகவர் கூலி குறித்துக் கொடுத்த சிறு குறிப்பேடே அவர் உழைப்பின் ஒரே எழுத்து. அது தீர்ந்ததும் அடுப்பெரிக்கப் பயன்பட்டிருத்தல் கூடும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பிறந்த நாளுக்குச் சான்றாகக் கொள்வோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் செய்து அகவை துணிந்த ஆசிரியர், சேர்க்கைக்கு ஏற்ற ஒரு நாளைத் தாமே எழுதிவிடுதல் பெருவழக்காய் இருந்தது. ஆங்கில நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஒன்பது வயதிற்குட்பட்டோரை நெசவாலைகளிற் பணியமர்த்தல் ஆகாது என 1833ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபோது, பிறப்புப் பதிவு இன்மையால் அகவையைத் துணிய வழியில்லை. பல்லைக் கொண்டு துணியலாம் என எட்வின் சாண்டர்சு என்பார் 1837இல் ஒரு நூல் எழுதினார். இங்கே குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய முறையான கணக்கு மிகப் பின்னரே வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, குழந்தைத் தொழிலாளரை ஆறு திங்களுக்குள் கணக்கெடுக்கப் பணித்தது. அதன்வழி எழுந்த பட்டியல்கள், ஒரு தலைமுறையின் பெயர்களைக் குறித்த அரிய ஆவணங்களாகும்.

இவையனைத்தினும் முழுமையான சான்று ஒன்று உண்டு. அதைக் கூறுதல் துயரம் தருவது. பணியில் இறந்த தொழிலாளிக்கு இழப்பீடு வழங்க 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழிசெய்தது. அவரைச் சார்ந்து வாழ்ந்தோர் யாவர் என்பதை அது கேட்டது: கைம்பெண், சிறுவயது மகன், மணமாகா மகள், கைம்பெண்ணாகிய தாய் என உறவு வரிசை அச்சட்டத்திலேயே அமைந்திருந்தது. ஆதலின் வெடிவிபத்தில் மாண்ட ஒருவரது வழக்குக் கட்டில் தாய் முதல் மக்கள் வரை மூன்று தலைமுறை ஒருங்கே எழுதப்பெறுகிறது. உயிரோடு உழைத்த நாளெல்லாம் ஒரு வரியிலும் இடம்பெறாத குடும்பம், அவர் இறந்த பின்னரே முழுமையாக ஏட்டில் ஏறியது.

சென்றவர் பெயர்

ஊரை விட்டு நீங்கியோர் பெயர் மட்டும் நன்கு எழுதப்பெற்றுள்ளது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரைப் பற்றிய கப்பற் பதிவேடுகள், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றைக் குறிப்பன. மொரீசியசு நாட்டில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அத்தகைய ஏடுகள் காக்கப்பெறுகின்றன. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மீண்டோரிடத்தும் பூர்வீக ஊர் குறித்த தாள்கள் உள்ளன. அண்ணன் கடல் கடக்கத் தம்பி ஊரிலேயே தங்கியிருப்பின், தம்பி வழியினர் தம் முன்னோரை அண்ணன் பெயரெழுதிய அயல்நாட்டு ஏட்டிலே தேடும் நிலை நேர்கிறது. ஆட்களை எண்ணும் தேவை எங்கெழுந்ததோ அங்கே பெயர் நின்றது என்னும் நம் கருத்து இதனால் வலுப்பெறும்.

குடிகள் தாமே எழுதியவை

இனி, அரசு எழுதாதவற்றை மக்கள் தாமே எழுதி வைத்த இருவகை ஏடுகளைக் காண்போம். இவற்றை ஆய்வாளர் இதுகாறும் போதிய அளவு கருதிற்றிலர் என்பது எம் துணிபு.

முதலாவது, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி ஏடு. கொடைக்குரிய வரியைத் தலைக்கட்டுதோறும் தண்டி எழுதுவர். மணமான ஆடவன் புதுத் தலைக்கட்டாகக் கொள்ளப்பெறுதலின், ஒரு பெயர் முதன்முதல் தோன்றும் ஆண்டு அவன் மணத்தை ஒட்டியதாகவும், மறையும் ஆண்டு இறப்பையோ குடிபெயர்வையோ ஒட்டியதாகவும் கருத இடமுண்டு. நிலமற்றவனும் இவ்வரி செலுத்துதலால் இவ்வேட்டில் அவனுக்கும் இடமுண்டு.

இரண்டாவது, மொய் ஏடு. தலைக்கட்டு ஏடு ஆண்வழியையே காட்டும். மணமான பெண் கணவன் குலதெய்வத்தை ஏற்பதால் அவள் பிறந்த குடி அதில் மறைகிறது. மொய் ஏட்டிலோ தாய்மாமன் செய்முறை தனியே குறிக்கப்பெறும். மொய் எழுதியோர் பெயரோடு ஊரும் இருக்கும். ஒரு வீட்டில் மூன்று திருமணத்து மொய் ஏடுகள் கிடைப்பின், அவ்வீட்டிற்கு வந்த மருமக்களின் பிறந்த ஊர்களைத் துணியலாம். அரசு ஏடுகளில் ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் நின்ற பெண்ணின் கால்வழி இவ்வகையில் மீட்கப்பெறும்.

இவற்றைப் படிப்போர் பெயரிடும் மரபையும் அறிந்திருத்தல் வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் ‘பெயரன்’ எனப்பட்டான். அச்சொல்லே ‘பேரன்’ என மருவிற்று. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருதலால், விடுபட்ட தலைமுறையை அது சுட்டிக்காட்டும். ஆயினும், ஒரே பாட்டனின் பெயரைத் தாங்கிய பெரியப்பன் மகனும் சிற்றப்பன் மகனும் ஓரூரில் வாழ்தலால் மயக்கமும் நேரும். தந்தை பெயர், குலதெய்வம், ஊர் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் ஒத்தாலன்றி இரு பதிவுகள் ஒருவரையே குறிப்பன எனக் கொள்ளுதல் கூடாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தொழிலாளர் குடிக்குச் சான்றே இல்லை எனல் பொருந்தாது என்பதும், சான்றுகள் நிலம், தீர்வை, பயணம், இறப்பு எனப் பிறநோக்கம் பற்றி எழுந்தவையாய்ச் சிதறிக் கிடக்கின்றன என்பதும் பெறப்படும். தேடுவோர் முதியோர் நினைவில் தொடங்கி, தலைக்கட்டு ஏட்டையும் மொய் ஏட்டையும் கண்டு, பின்னரே அரசு ஆவணங்களுக்குச் செல்லுதல் தக்க முறையாகும்.

ஓலைச்சுவடிகளை வீடுதோறும் தேடித் தொகுத்ததனால் நம் இலக்கியங்கள் பிழைத்தன. மொய் ஏடும் வரி ஏடும் கூலிக் குறிப்பேடும் சுவடிகளைப் போற் பனையோலையில் எழுதப்பெறாதவை. எளிதில் மக்கும் தாளில் எழுதப்பெற்றவை. பழைய தொழிற்கூடங்கள் மூடப்பெறுந்தோறும் அவற்றின் வருகைப் பதிவேடுகளும் பழந்தாளாக விலைபோகின்றன. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆண்டுக்கு ஓர் ஊரைத் தேர்ந்து இவற்றைப் படியெடுத்து வைப்பாராயின், அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு அது பெருந்துணையாகும். வைப்பாற்றங்கரையின் பழங்கைவினைஞர் பெயரை நாம் மீட்க இயலாது. கட்டையடுக்கிய கைகளுக்குரிய பெயரை இன்னும் மீட்க இயலும்.