கதவைத் திறந்த பியானோக்காரர்

ஆபீஸ் வாசல்ல கழுத்துல தொங்கற அட்டையைக் காட்டினா 'பீப்'னு ஒரு சத்தம், கதவு திறந்துக்கும். இதுல ஒரு பியானோக்காரருக்குப் பங்கு இருக்குன்னா நம்புவீங்களா மக்களே?

ஜான் வீகண்ட் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நியூயார்க் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பியானோ படிச்சவர். கண்டுபிடிப்பு வேலையெல்லாம் தானாக் கத்துக்கிட்டது. கோபால்ட், இரும்பு, வனேடியம் கலந்த மெல்லிசுக் கம்பியை முறுக்கி முறுக்கி, வெளித்தோலுக்கு ஒரு காந்த குணம், உள்ளுக்கு வேறன்னு ஆக்கினார். காந்தத்துக்கிட்ட கொண்டுபோனா, கம்பியோட காந்தத்திசை படக்குனு புரளும். பக்கத்துல ஒரு சுருள் வெச்சா அதுல பளிச்சுனு ஒரு மின்துடிப்பு. பேட்டரி வேண்டாம். மெதுவா நகர்த்தினாலும் துடிப்பு அதே பலத்தோட வரும். அழகே அதுதான்! காப்புரிமை 1974ல் கிடைச்சது.

இந்தக் கம்பித் துண்டுகளை அட்டைக்குள்ள ரெண்டு வரிசையாப் புதைச்சாங்க. ஒரு வரிசை 0, இன்னொண்ணு 1. ரீடர்ல தேய்ச்சா நம்பர் வந்துடும். காந்தப்பட்டை அட்டை மாதிரி அழியாது, மாத்தி எழுதவும் முடியாது. ரீடர்லேர்ந்து உள்ள இருக்கற கண்ட்ரோலருக்கும் அதே கணக்குல ரெண்டு டேட்டா ஒயர். பரவலான வடிவம் 26 பிட்: கட்டடத்துக்கு 8, அட்டை எண்ணுக்கு 16, சரிபார்க்க 2. இந்த நம்பரை இந்த நேரத்துல உள்ள விடலாமான்னு முடிவு பண்றது கண்ட்ரோலர்தான். ரீடர் வெறும் தபால்காரர்.

அப்புறம் ரேடியோ அலை அட்டைகள் வந்துச்சு, கம்பி போச்சு. ஆனா சுவத்துல இழுத்த ஒயர் போகுமா? மாட்டின கண்ட்ரோலரைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? புது ரீடர்களும் அதே பழைய பாஷையிலயே பேச ஆரம்பிச்சுது.

வில்லங்கம் இங்கதான். அந்தப் பாஷையில ரகசியம்ங்கற பேச்சே கிடையாது. அட்டைக்கும் ரீடருக்கும் நடுவுல எவ்வளவு பலமான குறியாக்கம் போட்டாலும், ரீடரைத் தாண்டினதும் நம்பர் அம்மணமாத்தான் போகும். 2007 டெஃப்கான் மாநாட்டுல ஜாக் ஃபிராங்கன் இதை அம்பலப்படுத்தினார். ரீடர் மூடியைக் கழட்டி ஒயர்ல ஒரு குட்டிக் கருவியைச் சொருகினா, கடந்து போற நம்பரைப் பிடிச்சு வெச்சுத் திருப்பி அனுப்பலாம். கண்ட்ரோலருக்குச் சந்தேகமே வராது. விலை உயர்ந்த அட்டை வாங்கிட்டோம்னு நிம்மதியா இருக்கறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு.

மாற்று இல்லாம இல்லை. ஓஎஸ்டிபின்னு ஒரு முறை, 2020ல் சர்வதேசத் தரமாவும் ஆச்சு. ஒயர்ல போறதையும் குறியாக்கம் பண்ணலாம் (அந்த வசதியை மறக்காம ஆன் பண்ணணும்!), ரீடரைப் பிடுங்கினா கண்ட்ரோலருக்குத் தெரிஞ்சுடும். ஆனா ரீடர், கண்ட்ரோலர் ரெண்டுக்கும் அது தெரிஞ்சிருக்கணும். "இப்பவும் கதவு திறக்குதுல்ல?"ன்னு கேட்கற முதலாளிகிட்ட இதைச் சொல்லிப் புரியவைக்கறது தனிக் கலை.

புதுசா ஆபீஸ் கட்டற புண்ணியவான் யாராவது இதைப் படிச்சா, கதவுக்காரர்கிட்ட இந்த ஒரு கேள்வியை இப்பவே கேட்டுடுங்க. சுவர் பூசி பெயிண்ட் அடிச்சப்புறம் ஒருத்தரும் மாத்த மாட்டாங்க.