ஓகே பட்டன் ஏன் வேலை செய்யல? லினக்ஸில் ரிமோட்டின் கதை

காயல்பட்டினத்துல எங்க வீட்டு டிவியோட போன மாசம் ஒரு ராஸ்பெரி பை போர்டை இணைச்சேன். உம்மாவுக்கு மவுஸ் பிடிக்க வராது, கையில ரிமோட் இருக்கணும். செட்-டாப் பாக்ஸ் செத்துப்போச்சு, அதோட ரிமோட் மட்டும் நல்லா இருந்தது. அதையே பழக்கினேன். மேல, கீழ, சவுண்ட் எல்லாம் வேலை செஞ்சது. ஓகே பட்டன் மட்டும் அசையவே இல்லை. ஓகே இல்லாம உம்மா எதைத் தேர்ந்தெடுக்க முடியும்?

காரணத்தைத் தேடிப் போனா வரலாற்றுல போய் நின்னேன்.

1956-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனிக்காக ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய ரிமோட்டுக்குள்ள பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினா ஒரு சின்ன சுத்தியல் உலோகக் கம்பியைத் தட்டும். காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டிவி புரிஞ்சுக்கும். எந்த ஒலிக்கு என்ன வேலைங்கிறதை டிவி செஞ்சவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

பிறகு அகச்சிவப்பு ஒளி வந்தது. பரவலா இருக்கும் என்இசி முறையில், நொடிக்கு 38,000 தடவை துடிக்கும் ஒளியில 32 பிட் போகும். அது வெறும் எண். 'ஓகே'ன்னோ 'மேல'ன்னோ அதுல எழுதியிருக்காது. எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கிறது வாங்குற பக்கம் இருக்கும் அட்டவணைதான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அரபியில ப, ங, ள ஒலிகளுக்கு எழுத்து கிடையாது. இருக்கிற எழுத்துகள்ல கூடுதல் புள்ளி வச்சு, தமிழ் ஒலிகளை ஒதுக்கி அர்வியை உருவாக்கினாங்க. எந்த வடிவத்துக்கு எந்த ஒலின்னு முடிவு பண்ணது அதை எழுதிப் படிச்ச மக்கள்.

லினக்ஸில் அந்த உரிமையை முதலில் கொடுத்தது 1990களின் பிற்பகுதியில் வந்த லிர்க். ரிமோட்டைக் காட்டிப் பதிவு செஞ்சா, நமக்கான அட்டவணையை அதுவே எழுதித் தரும். பட்டனின் பெயரை நேரடியா மென்பொருளுக்கு அனுப்பும். ஆனா அதோட டிரைவர்கள் பல வருஷம் கெர்னலுக்கு வெளியிலேயே இருந்தன.

2010 வாக்கில் மௌரோ கார்வால்யோ செஹாப், ஜாரட் வில்சன் போன்றவங்க உழைப்பில் ரிமோட் கெர்னலுக்குள்ள வந்தது. அதுக்கப்புறம் லினக்ஸுக்கு ரிமோட்டும் ஒரு கீபோர்டுதான். பெரிய வசதி. சிக்கலும் அங்கதான். கெர்னல்ல ஓகே பட்டனின் எண் 352. 1987-ல் வந்த எக்ஸ்11 திரை அமைப்போ ஒரு கீயின் எண்ணுக்கு 8 பிட்தான் ஒதுக்கியிருக்கு, அதனால 255-ஐத் தாண்டாது. அப்போ யாரும் சோபாவில உட்கார்ந்து ரிமோட்டை அழுத்துவாங்கன்னு நினைச்சிருக்க மாட்டாங்க. உம்மாவின் ஓகே அந்த வாசல்லயே நின்னுடுச்சு.

தீர்வு சின்னது. ஐஆர்-கீடேபிள் கருவியை சோதனை முறையில ஓட்டினா, அழுத்துற பட்டனின் எண் திரையில வரும். அந்த எண்ணுக்கு நேரா, அட்டவணைக் கோப்புல 'கீ ஓகே'ன்னு இருந்ததை 'கீ என்டர்'னு மாத்தினேன். என்டரின் எண் 28, அது தாராளமா நுழையும். 2018-ல் வந்த கெர்னல் 4.18-க்கு அப்புறம், ஷான் யங் சேர்த்த வசதியால புது சிக்னல் முறையைக்கூட கெர்னலை மாத்தாமலே நாம ஏத்தலாம்.

தூக்கிப் போட வேண்டிய ரிமோட் இப்போ உம்மா கையில இருக்கு. அழுத்திப் பார்த்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: "ஒரு வார்த்தையை மாத்தவா ரெண்டு நாளு?"

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.