அகலக்கோணப் படமும் சென்சார் அளவும்

35 மி.மீ. ஃபிலிமின் படச்சட்டத்தைப் போல 36×24 மி.மீ. அளவுள்ள சென்சாரே ஃபுல் ஃபிரேம். ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. சென்சார் சிறுத்தால், அதே லென்ஸ் காட்டும் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும்.

நாமக்கல் நகர நடுவே சுமார் 65 மீட்டர் உயர ஒற்றைப் பாறைமேல் நிற்கும் கோட்டையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 100 மீட்டர் தொலைவிலிருந்து 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஃபுல் ஃபிரேமில் 150 மீட்டர் அகலம் அடங்கும். ஏபிஎஸ்-சியில் 98 மீட்டர்தான். சங்ககிரி மலையைச் சமவெளியிலிருந்து எடுப்பவர் பின்னால் நகரலாம். நாமக்கல்லிலோ கட்டடங்கள் மறிக்கும்; நகர்ந்தாலும் கமலாலயக் குளத்துக்கும் பாறைக்கும் உள்ள அளவுப் பொருத்தம் மாறிவிடும். நின்ற இடத்திலேயே 16 மி.மீ. லென்ஸை மாட்டுவதே சரியான தீர்வு. டிஜிட்டலின் தொடக்க ஆண்டுகளில் சிறு சென்சாருக்கு இத்தகைய லென்ஸ்கள் அரிது. நிக்கானின் 12–24 மி.மீ. லென்ஸ் 2003-இல்தான் வந்தது. இன்று அந்தக் குறை இல்லை.

எஞ்சுவது ஒளி. ஒரே துளை எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் ஃபுல் ஃபிரேம் இரு மடங்குக்கும் மேல் ஒளி வாங்கும். கொல்லிமலையின் இரவு வானத்துக்கு அது பெரும் உதவி. பகல் வெளிச்சத்தில் கோட்டையை எடுக்க ஏபிஎஸ்-சி தாராளமாகப் போதும்.