இரண்டு முட்டை, ஐந்து தட்டு

திண்டுக்கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பூட்டையும் பிரியாணியையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரவு அடுப்புக்கு அதில் இடமில்லை.

என் அம்மா சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் அது. ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. காலமுறை ஊதியத்துக்கான போராட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் வாரம் ஐந்தானது.

அத்தனையையும் எண்ணி, அவித்து, உரித்துவிட்டு வருகிற அம்மா வீட்டுக்குக் கடையில் இரண்டே முட்டை வாங்குவாள். நாங்கள் ஐந்து பேர். அவித்தால் அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, கணக்கு முடிந்தது. அதனால் அவள் அவிக்கமாட்டாள். மில்லில் அரைத்த ரேஷன் கோதுமை மாவில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்புப் போட்டுத் தளரப் பிசைந்து, கொதிநீரில் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். வெந்ததும் மிதக்கும். வடித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தாளித்துப் புரட்டினால் இரவுச் சாப்பாடு.

தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியாவிலும் இதே மாவு, இதே முட்டை. பலகையில் பரப்பிக் கத்தியால் சீவிக் கொதிநீரில் தள்ளுகிறார்கள். அவித்த பருப்போடும் சாப்பிடுகிறார்கள். அதற்கு ஸ்பெட்ஸ்லே என்று பெயர், வட்டாரப் பெருமை வேறு. அம்மா செய்ததற்கு நாங்களாக வைத்த பெயர் 'கிள்ளுமாவு'.

மாவுக்குள் போன முட்டையை யாருக்கு எவ்வளவு என்று அப்பாவால் பிரிக்க முடியாது. அம்மா கடைசியாகத்தான் உட்காருவாள். சட்டியில் மிச்சமிருப்பதிலும் முட்டை இருக்கும்.